மழைக்காலத்துக்கு ஒரு பிடி சோறு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாம் பேசப்போவது ஜப்பான் நாட்டுச் சோற்று உருண்டையைப் பற்றி. 'ஜப்பான்காரங்க சாப்பாடு நமக்கு எதுக்கு?' என்று கேட்பீர்கள். நம்ம படுகர் வீடுகளில் ராகி ஹிட்டு உருட்டுகிறோம். தோட்டத்து வேலைக்குக் கட்டுச்சோறு கொண்டு போகிறோம். அதோட அக்கா தங்கச்சிதான் இதுவும்.

அங்கே இதற்கு ஒனிகிரி, ஒமுசுபி என்று இரண்டு பெயர். ஒனிகிரி என்றால் பிடித்தது. ஒமுசுபி என்ற பெயரில் சேர்த்துக் கட்டுவது என்ற பொருள் இருக்கிறது. 1995 ஜனவரி 17-ல் கோபே நகரில் பெரிய நிலநடுக்கம். 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது பசியோடு இருந்தவர்களுக்குத் தொண்டர்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். அதன் நினைவாக அந்த நாளையே அங்கே ஒமுசுபி நாளாக வைத்திருக்கிறார்கள். இதற்குத் தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், குழம்பு வேண்டாம்.

நம்ம மலையையும் நினைத்துப் பாருங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதைகள் அடைபட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரோடு அடைபட்டால் முதலில் பசிக்குச் சோறு கொடுக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

செய்முறை சொல்கிறோம். ரேஷன் பச்சரிசி 2 டம்ளர். கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு சரியாக வேகாது, குக்கர்தான் நல்லது. 1 டம்ளருக்கு 2½ டம்ளர் தண்ணீர். சோறு ஒட்டும் பதமாகக் குழைந்து வர வேண்டும். புழுங்கலரிசி உதிரும், உருண்டை நிற்காது.

கை பொறுக்கும் சூட்டில் உப்புத் தண்ணீரில் கையை நனைத்து ஒரு பிடி சோறு எடுங்கள். நடுவில் குழி பண்ணி நெல்லிக்காய் ஊறுகாயோ, வறுத்த கருவாடோ வைத்து மூடுங்கள். நாலு முறை திருப்பி மெதுவாக அழுத்தினால் போதும், இறுக்கினால் கல்லு மாதிரி ஆகிவிடும். அங்கே கடல்பாசித் தாள் சுற்றுவார்கள். நமக்கு எள்ளுப்பொடியில் புரட்டினால் போதும். 10 உருண்டை வரும். ஆறிய பிறகு வாழை இலையில் கட்டுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். கொழுந்து பறிக்கிற நம்ம விரலில் கீறல் இல்லாத நாள் உண்டா? கீறலிலும் புண்ணிலும் இருக்கும் கிருமி சோற்றில் ஏறி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் கையில் காயம் உள்ளவர்கள் உருண்டை பிடிக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய கைதான் வேண்டும். முடிந்தால், நனைத்த சின்னக் கிண்ணத்தில் சோற்றைக் கரண்டியால் அழுத்திக் கவிழ்த்துவிடுங்கள். சோற்றில் கை படவே வேண்டாம்.

சோறு வெளியில் கிடந்தாலும் வேறொரு கிருமி பெருகும். வேகும் சூட்டில்கூட அதன் வித்து சாகாது. ராத்திரிச் சோறு இதற்கு ஆகாது. தயிர், தேங்காய்ச் சட்னி உள்ளே வைக்காதீர்கள். காலையில் பிடித்தது மதியத்துக்குள் தீர வேண்டும். முகாமில் என்றால் பிடித்த உடனே கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். 15 பேர் இருக்கிற குழுவில் தினமும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 5 கிலோ சேரும். அதில் 100 உருண்டைக்கு மேல் பிடிக்கலாம். ஆளுக்கு இரண்டு என்றால் 50 பேர் பசி ஆறும். யார் வீட்டில் பெரிய குக்கர், யாரிடம் சிலிண்டர், யார் பிடிப்பது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மழை வருவதற்கு முன்னால் ஒரு தடவை சேர்ந்து செய்து பாருங்கள்.