ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு
(குடும்ப நல முகாமில், தம்பதிகள் கூட்டத்தில் பேசியது)



மூன்று மாதத்துக்கு மேல் விடாமலோ, விட்டு விட்டோ வருகிற வலியை நாள்பட்ட வலி என்கிறோம். இடுப்பு வலி, அடிவயிற்று வலி, மூட்டு வலி, ஒற்றைத் தலைவலி எல்லாம் இதில் அடக்கம். ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதற்கு மாத்திரை வாங்காத வீடு அபூர்வம். அந்த மாத்திரையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

வீட்டுக்காரர்கள் சிலர் எங்களிடம் இப்படிச் சொல்வதுண்டு: "எனக்கு ஒண்ணு போட்டா வலி நின்னுடுது. இவளுக்கு மூணு போட்டும் கேக்கலையாம். வேலைக்குப் பயந்து நடிக்கிறாளோ என்னவோ!" அந்த அம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். ஐயா, அது நடிப்பு அல்ல. ஒரே மாத்திரை இரண்டு உடம்பில் இரண்டு விதமாக வேலை செய்யும். அதற்குப் பிறவியிலேயே காரணம் உண்டு.

1975-ம் ஆண்டு லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆராய்ச்சிக்காக ஓர் இரத்த அழுத்த மருந்தைத் தாங்களே சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்மித்துக்கு மட்டும் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்துவிட்டது. ஏன் என்று தேடினார்கள். அந்த மருந்தை மாற்றி வெளியேற்றுகிற ஒரு பொருள் கல்லீரலில் உண்டு. அதை என்ஸைம் என்பார்கள். அது அவருக்குச் சரியாக வேலை செய்யவில்லை. அந்த என்ஸைமுக்கு இன்று சி.ஒய்.பி. 2டி6 என்று பெயர். பெயர் மறந்தால் பாதகமில்லை, சங்கதி மறக்க வேண்டாம்.

கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகளுக்கும் இதே என்ஸைம்தான் வேண்டும். கோடீனை நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை அப்படியே தின்ன முடியுமா? மில்லில் கொடுத்து அரிசியாக்க வேண்டும். கல்லீரல்தான் மில், அங்கே கோடீனில் ஒரு பங்கு மார்ஃபினாக மாறினால்தான் வலி அடங்கும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மில் ஓடாது. அவர்கள் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் வலி அப்படியே இருக்கும். மலச்சிக்கல், குமட்டல் மட்டும் மிஞ்சும். ஐரோப்பியரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இப்படி. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. தமிழ் மக்களிடம் இந்த ஜீன் எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்று புதுச்சேரி ஜிப்மரில் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

வேறு சிலருக்கு ஒரு மில்லுக்குப் பதில் இரண்டு மூன்று மில் ஓடுகிற மாதிரி, மருந்து மளமளவென்று மாறிவிடும். இதுதான் அதிக ஆபத்து. பால் கொடுக்கிற தாய் இப்படிப்பட்டவராக இருந்தால், பால் வழியாகக் குழந்தைக்கும் மருந்து கூடுதலாகப் போய், அளவுக்கு மீறிய தூக்கமும் மூச்சுத் திணறலும் வரக்கூடும். கோடீனோ டிரமடாலோ சாப்பிடும் தாய்மார்கள் பால் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது. நம் நாட்டில் 2018-ல் டிரமடாலைப் போதை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே பிரசவத்துக்குப் பின் தையல் வலி, இடுப்பு வலி என்றால், "பால் குடுக்கிறேன் டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாக ஒத்துவரும். பால் கொடுப்பதை நிறுத்துவதைவிட மாத்திரையை மாற்றுவது சுலபம் அல்லவா?

ஐபுபுரூஃபன், பைராக்ஸிகாம் விஷயம் தலைகீழ். இவை மாற வேண்டியதில்லை, வந்தபடியே வேலை செய்யும். கல்லீரல் இவற்றை வடித்து வெளியேற்ற வேண்டும். அதற்கு வேறொரு என்ஸைம் உண்டு. அது மந்தமாக உள்ளவர்களுக்கு, வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் நிற்பதுபோல மருந்து உடம்பில் நின்றுவிடும். வயிற்றுப் புண், இரத்தக் கசிவு வரலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

ஜீன் அப்பாவிடமிருந்து ஒரு பங்கும் அம்மாவிடமிருந்து ஒரு பங்கும் வருவது. எனவே அக்காவுக்குச் சேராத மருந்து தங்கைக்கும் சேராமல் போகலாம். புருஷனுக்குக் கேட்டது பெண்டாட்டிக்குக் கேட்கும் என்று சொல்ல முடியாது. (அத்தை மகன், மாமன் மகள் கட்டியவர்களுக்குக் கொஞ்சம் பங்கு பொதுவாக இருக்கலாம், அதை நம்பி மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள்!)

ஆண், பெண் என்பதிலும் வித்தியாசம் உண்டு. பென்டசோசின் வகை வலி மருந்துகள் ஆண்களைவிடப் பெண்களுக்கு நன்றாகக் கேட்டன என்று 1996-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. வெள்ளைக்காரர்களில் தலைமயிர் சிவப்பாக இருப்பதற்கு ஒரு ஜீன் காரணம். அது இரு பங்கிலும் மாறியிருந்த பெண்களுக்கு அந்த மருந்து இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆண்களுக்கு அப்படி இல்லை என்று 2003-ல் கண்டார்கள். நம் ஊரில் எண்ணெய் இல்லாமல் செம்பட்டையாவது வேறு கதை. இவ்வளவு தாமதமாகத் தெரிய வந்ததற்கும் காரணம் உண்டு: கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்காவில் 1977-ல் வைத்த விதியை 1993-ல்தான் எடுத்தார்கள்.

எல்லா வலிக்கும் ஜீனைக் காரணம் சொல்லவும் கூடாது. கருப்பைக் கட்டி, தொற்று, எலும்புத் தேய்வு என்று வேறு காரணம் இருக்கலாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஜீன் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வதில்லை, எல்லோருக்கும் தேவையும் இல்லை. டாக்டருக்கு வேண்டியது உங்கள் விவரம்: எந்த மாத்திரை, எத்தனை நாள், கேட்டதா, என்ன தொந்தரவு வந்தது, பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா. காலி அட்டையானாலும் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். வலி கேட்கவில்லை என்று நீங்களாக ஒன்றுக்கு இரண்டாக விழுங்காதீர்கள். மருந்தையே மாற்ற வழி இருக்கிறது. கணவரும் கூட வந்தால் நல்லது. ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாள் என்று அவருக்குத்தானே தெரியும்.

இனி நீங்கள் கேள்வி கேட்கலாம். முதல் கேள்வி ஆண்கள் பக்கமிருந்து வரட்டும்.