ஏழு கோயில் எந்த டிராயரில் இருக்கிறது?



இன்று ஆகஸ்ட் 12, நூலகர் நாள். சீர்காழியில் பிறந்த கணக்கு வாத்தியார் எஸ்.ஆர். ரங்கநாதனை நினைக்கிற நாள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனவர் அவர். நூலகத்துக்கென்று 1931இல் நூல் வடிவில் அவர் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. அது பேச்சாளருக்கும் பொருந்தும் என்று கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே செங்கல்பட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். பழைய காலத்துப் பயணிகள் அந்த ஊரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று எனக்கு வாலிபத்தில் ஓர் ஆசை வந்தது. சென்னையில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. மரத்தாலான கேட்லாக் அலமாரி. ஒவ்வொரு டிராயரிலும் உள்ளங்கை அளவு அட்டைகள், அவற்றை யாரும் உருவிக்கொண்டு போகாதபடி நடுவே ஒரு பித்தளைக் கம்பி. எம் எழுத்து டிராயரை இழுத்தேன். மகாபலிபுரம் என்று நாலைந்து அட்டைதான். இரண்டு சுற்றுலாக் கையேடு, மிச்சம் சிற்பக்கலைப் புத்தகம். அவ்வளவுதான்போல என்று திரும்பினேன்.

அங்கே இருந்த வயதான நூலகர் கேட்டார்: “என்ன தம்பி தேடறீங்க?” சொன்னேன். சிரித்தார். “நீங்க உங்க ஊர் பேரைத் தேடறீங்க. கப்பல்ல வந்தவன் அந்தப் பேரா சொன்னான்? எஸ் டிராயரைப் பாருங்க.”

எஸ் டிராயரில் இருந்தது ‘செவன் பகோடாஸ்’. ஏழு கோயில்! ஐரோப்பிய மாலுமிகள் நம் கடற்கரைக்கு வைத்த பெயர். அந்த ஓர் அட்டைக்குப் பின்னால் ஒரு புத்தகம்: கேப்டன் கார் என்பவர் தொகுத்து 1869இல் சென்னையில் அச்சானது. மாமல்லபுரத்தைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு. நான் பல வருஷம் அலைந்து தேடியிருக்க வேண்டியதை ஒரு மனிதர் 1869லேயே சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

நண்பர்களே, அன்று கற்ற முதல் பாடம் இது. பட்டியலில் தேடும்போது நம் வாயில் வருகிற பெயர் போதாது, எழுதியவன் வாயில் வந்த பெயர் வேண்டும். திருமங்கையாழ்வாருக்கு அது கடல்மல்லை. அங்கே போய்வந்து கட்டுரை எழுதிய வில்லியம் சேம்பர்ஸுக்கு மாவலிபுரம். 1830இல் அங்குள்ள கல்வெட்டுகளைப் பற்றி எழுதிய பாபிங்டனுக்கு மகாமலைப்பூர். 1582இல் இந்தப் பக்கம் கப்பலில் கடந்துபோன வெனிஸ் நகைவணிகர் காஸ்பரோ பால்பிக்கு அது ஏழு பகோடா. இத்தனையும் ஒரே ஊர். கம்ப்யூட்டரோ நீங்கள் தட்டியதைத்தான் தேடும். சரியான பெயர் கிடைத்த பிறகு அதோடு ‘டிஸ்கிரிப்ஷன் அண்ட் டிராவல்’ என்ற பொருள் தலைப்பையும் சேர்த்துத் தட்டுங்கள். பயண நூல்களை ஒரு கயிற்றில் கோப்பதற்காகவே பட்டியலாளர்கள் போட்டுவைத்த முடிச்சு அது.

இரண்டாவது பாடம், ஆட்களின் பெயர். மரியா கிரஹாம் என்ற பெண்மணி இந்தியாவில் தங்கியிருந்ததை நாட்குறிப்பாக எழுதி 1812இல் வெளியிட்டார். அதில் மாமல்லபுரமும் உண்டு. ஆனால் பல நூலகங்களில் கிரஹாம் என்று தேடினால் ‘கால்காட் காண்க’ என்று ஓர் அட்டை நம்மைத் திருப்பி அனுப்பும். கணவர் இறந்து, 1827இல் மறுமணம் செய்து, அவர் மரியா கால்காட் ஆகிவிட்டார்; பின்னாளில் லேடி கால்காட். அந்தக் ‘காண்க’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே இருக்கிறது. கால்காட் என்ற தலைப்புக்குப் போனால் பிரேசில், சிலி நாடுகளில் அவர் எழுதிய பயண நாட்குறிப்புகளும் வரிசையாக நிற்கும். அதே கண் வேறு கடற்கரைகளை எப்படிப் பார்த்தது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, தலைப்பு. பிஷப் ஹீபர் எழுதிய பயண நூல் 1828இல் வந்தது. எல்லோரும் சுருக்கமாகச் சொல்கிற தலைப்பில் வட இந்திய மாகாணங்கள் மட்டும்தான் இருக்கும். முழுத் தலைப்பைப் பட்டியலில் படியுங்கள். அது ரயில் மாதிரி நீளம். பின்னால் ஒரு பெட்டியில் 1826இல் சென்னைக்கும் தென் மாகாணங்களுக்கும் போன பயணம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பயணத்தில்தான் அவர் மாமல்லபுரம் பார்த்தார். அதே பயணத்தில்தான் ஏப்ரலில் திருச்சியில் இறந்துபோனார். சுருக்கத் தலைப்பை நம்பியவனுக்கு இந்தப் பெட்டி கண்ணில் படாது.

சரி, இத்தனை பேரைத் தேடிப்பிடித்து என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். மாமல்லபுரத்தில் கடலுக்குள் ஆறு கோயில் மூழ்கிக் கிடக்கிறது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். சேம்பர்ஸ் அந்த ஊரைப் பார்த்தது 1772லும் 1776லும். கட்டுரை அச்சானது 1788இல், ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில். கடலுக்குள் செம்புத் தகடு போர்த்த கோபுர முனைகள் காலை வெயிலில் மின்னியதைத் தாங்கள் பார்த்ததாக உள்ளூர்ப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று அவர் எழுதினார். கவனியுங்கள், சேம்பர்ஸ் பார்க்கவில்லை. கேட்டார். கேட்டதைப் பல வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதினார்.

1810இல் ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் அதை வைத்து ஒரு நெடுங்கவிதையில் மூழ்கிய நகரத்தையே கட்டிவிட்டார். இந்தக் கடற்கரையில் கால் வைக்காதவர்! அதற்குப் பின் வந்த பயணிகள் பலர் தலையில் அந்தக் கவிதையோடு வந்தார்கள். பிற்காலத்துப் புத்தகம் ஒன்றை மட்டும் படிக்கிறவர் ‘ஆதாரம் இருக்கிறது’ என்பார். பத்துப் புத்தகம் படிக்கிறவர் ‘பத்து ஆதாரம் இருக்கிறது’ என்பார். பத்தையும் ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும், ஒரே குரல் பத்து வாயில் எதிரொலித்திருக்கிறது என்று.

2004 டிசம்பர் 26, சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் மணல் விலகிச் சில கற்களும் கட்டட எச்சங்களும் தெரிந்தன. அதற்கு முன்னாலேயே 2002இல் நீருக்கடியில் இறங்கித் தேடியவர்கள் கற்சுவர்களைக் கண்டிருந்தார்கள். பெரியவர்கள் சொன்னதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் செம்புத் தகடு? அதற்கு இன்றும் கேட்ட சாட்சிதான். எது கண்ட சாட்சி, எது கேட்ட சாட்சி என்று பிரித்துக் காட்டுவதற்குப் பட்டியல் வேண்டும். அதனால்தான் குறிப்பெடுக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும் என்கிறேன்: அச்சான ஆண்டைத் தனியாக, பார்த்த ஆண்டைத் தனியாக எழுதுங்கள். பட்டியல் அச்சான ஆண்டைத்தான் முதலில் சொல்லும். பார்த்த ஆண்டு தலைப்பிலோ முன்னுரையிலோ ஒளிந்திருக்கும்.

நம்மவர்கள் யாரும் எழுதவில்லையா என்ற கேள்வி வரும். எழுதியிருக்கிறார்கள், வேறு அடுக்கில் இருக்கிறார்கள். சேம்பர்ஸுக்கு ஆயிரம் ஆண்டு முன்னால் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, ‘அவந்திசுந்தரி கதை’யில் தான் மாமல்லபுரம் போனதைச் சொல்கிறார். உடைந்துபோன திருமாலின் கையை லலிதாலயன் என்ற சிற்பி ஒட்டே தெரியாமல் பொருத்தியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கப் போகிறார். வேலைப்பாட்டை ரசிக்கவே ஒருவர் பயணம் போயிருக்கிறார்! நூல்களை எண்களால் வகைப்படுத்தும் டூயி முறையில் தமிழ்நாட்டுப் பயண நூல்களின் எண் 915.482. தண்டி அங்கே இருக்கமாட்டார், வடமொழி இலக்கியத்தில் 891.2இல் இருப்பார். கோயில் கட்டடக்கலை 726இல், ஆங்கிலக் கவிதை 821இல். ஒரே ஊர் நூலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அலமாரியால் அதைச் சேர்க்க முடியாது, பட்டியலால் முடியும்.

காசிக்கும் இதே கதைதான். ஹீபர் 1824இல் அங்கே இருந்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830இல் புறப்பட்டுப் போய், தெலுங்கில் எழுதி, அது 1838இல் அச்சானது. ஆறே வருஷ இடைவெளியில் அதே படித்துறைகளில் ஒரு பாதிரியாரும் ஒரு யாத்திரிகரும். ‘பெனாரஸ்’ என்று தேடுகிறவருக்கு ஒருவர், ‘காசி யாத்திரை’ என்று தேடுகிறவருக்கு இன்னொருவர். இரண்டையும் தேடுகிறவரின் மேஜையில்தான் இருவரும் சந்திப்பார்கள்.

முடிக்கிறேன். இந்த வாசகர் வட்டத்தை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கு உங்கள் பாட்டி சொன்ன பெயர், கல்வெட்டில் இருக்கிற பெயர், பழைய பத்திரத்தில் இருக்கிற பெயர், வெள்ளைக்காரன் மேப்பில் கடித்துத் துப்பிய பெயர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நம் நூலகரிடம் கொடுங்கள். அவர் அதைப் பட்டியலில் ஏற்றி, ஒன்றுக்கொன்று ‘காண்க’ போட்டு வைப்பார். நாளைக்கு ஒரு பையன் வந்து நாலு அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாமல் இருக்கட்டும். அன்று என்னைத் திரும்பவிடாமல் எஸ் டிராயரைக் காட்டிய அந்தப் பெரியவருக்கு நான் செலுத்தக்கூடிய கடன் அதுதான்.