பழைய ஸ்னேர் டிரம்மை வெட்டுறதுக்கு முன்னாடி

இன்னைக்கு கோடிங் பத்தி ஒரு வார்த்தைகூட கிடையாது. பழைய டிரம் செட் சேகரிக்கிறவங்க, சேகரிக்கலாமான்னு யோசிக்கிறவங்க, இவங்களுக்கான எபிசோடு இது. அதிலும் குறிப்பா ஸ்னேர் டிரம். செட்டில் மத்த டிரம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் பாட்டு ஓடிடும், ஸ்னேர் சரியில்லைன்னா ஓடாது.

நான் இருக்கிறது சிகாகோ. இந்தப் பைத்தியம் பிடிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. லுட்விக், ஸ்லிங்கர்லேண்ட், ரெண்டு கம்பெனியும் இந்த ஊர்லதான் வளர்ந்தது. 1964 பிப்ரவரி 9-ஆம் தேதி எட் சல்லிவன் ஷோவில் பீட்டில்ஸ் வாசிச்சாங்க. ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மில் லுட்விக் பெயர் பெருசா தெரிஞ்சது. அதுக்கப்புறம் டேமன் அவென்யூவில் இருந்த லுட்விக் தொழிற்சாலை ராத்திரி பகலா ஓடிச்சு. அப்போ பசங்களுக்கு வாங்கிக் கொடுத்த டிரம்மெல்லாம் அம்பது அறுபது வருஷம் பேஸ்மென்ட்டில் தூங்கிட்டு, இப்போ வீடு காலி பண்ணும்போது வெளியே வருது.

வெளியே வந்ததும் நடக்கிறது என்னன்னா, வாங்கினவர் தட்டிப் பார்ப்பார். தகர டப்பா மாதிரி சத்தம் வரும். "பழசாயிடுச்சு, விளிம்பைப் புதுசா வெட்டணும்" என்று முடிவு பண்ணிடுவார். இந்த எபிசோடு முழுக்க அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லத்தான்.

ஒரு உதாரணம். போன வருஷம் புறநகரில் ஒரு அம்மாகிட்ட ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங் ஸ்னேர் ஒண்ணு வாங்கினேன். எழுபது வயசுக்கு மேல இருக்கும் அவங்களுக்கு. அவங்க அப்பா வார நாளில் வேலை, சனிக்கிழமை ராத்திரி டான்ஸ் ஹாலில் டிரம்மர். விலை பேசி முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "சரி பண்ணினதும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புவியா? சின்ன வயசில் மாடியிலிருந்து கேட்ட சத்தம் அது." சரின்னு சொல்லிட்டேன். அப்போ எனக்கு வேண்டியது 'நல்ல' சத்தம் மட்டும் இல்லை. அந்த டிரம்மோட சத்தம்.

ரேடியோ கிங் தெரியாதவங்களுக்கு: ஜீன் க்ரூபா பென்னி குட்மேன் பேண்டில் வாசிச்ச காலத்து டிரம். இன்னைக்கு வர்ற ஷெல் பெரும்பாலும் மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டினது. ரேடியோ கிங் அப்படி இல்லை. ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைச்சு, ரெண்டு முனையையும் சேர்த்து ஒட்டி, உள்ளே மேலும் கீழும் வளையம் வச்சிருப்பாங்க. ஒரே பலகைங்கிறதால காலப்போக்கில் வட்டம் கொஞ்சம் கோணும். விளிம்பும் இப்போ வர்ற டிரம் மாதிரி 45 டிகிரி கூர்மையா இருக்காது, உருண்டையா இருக்கும். ஹெட் மரத்தோட அதிக இடத்தில் உட்காரும். அதனாலதான் சத்தம் குறுகலா, கொஞ்சம் இருட்டா, வெதுவெதுப்பா வரும். அதைக் கூராக்கினா சத்தம் பளிச்சுன்னு திறக்கும், ஆனா அது வேற டிரம். வெட்டின மரம் திரும்ப வராது. இதுக்கு ரோல்பேக் கிடையாது.

கடையில் காட்டினேன், "வெட்டிடலாம், அரை நாள் வேலை" என்றார்கள். இருங்கன்னு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பக் தேடுற மாதிரிதான். ஒரு நேரத்தில் ஒண்ணு மட்டும் மாத்து, தட்டிப் பார், குறிச்சு வை.

முதல்ல அடிப்பக்கம். பழைய ஸ்னேரில் நான் அதிகமா பார்க்கிற கோளாறு, அடியில் தப்பான ஹெட். கீழே மாட்ட வேண்டியது ஸ்னேர் சைடு ஹெட். வழக்கமா 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூணு பங்கு கனம். அவ்வளவு மெல்லிசா இருந்தாதான் கம்பிச் சுருள் அதோட சேர்ந்து துடிக்கும். இந்த டிரம்மில் யாரோ மேல் ஹெட்டையே கீழேயும் மாட்டியிருந்தாங்க. அதை மாத்தினதுமே பாதி டிரம் உயிர் பெற்றது. மேலே ஒரு சாதாரண 10 மில் கோட்டட் ஹெட். கம்பிச் சுருள் நெளிஞ்சு கிடந்தது, புதுசு போட்டேன். பழசை உறையில் போட்டு எழுதி வச்சிருக்கேன். எந்த ஒரிஜினல் பாகத்தையும் தூக்கிப் போடாதீங்க, விலைக்காக மட்டும் சொல்லலை.

அப்புறம் அந்த ஸ்னேர் பெட். கம்பி ஹெட்டோட ஒட்டி உட்காரணும்னு, கீழ் விளிம்பில் எதிரெதிரா ரெண்டு இடத்தில் லேசான பள்ளம் இருக்கும். 1957-இல் ரெமோ பெல்லி பிளாஸ்டிக் ஹெட்டைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் கன்றுத் தோல்தான். நம்ம ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுறோம் இல்லையா, அதே பிரச்சினை இங்கேயும். ஈரக்காத்தில் தோல் தொய்யும்னு பேஸ் டிரம்முக்குள்ளே பல்பு எரிய விட்ட காலம் அது! தோலை நனைச்சு மாட்டுவாங்க, காயும்போது பள்ளத்துக்கு ஏத்த மாதிரி படிஞ்சிடும். பிளாஸ்டிக் படியாது. பள்ளத்துக்கு மேல சுருக்கம் விழும், கம்பி கறகறன்னு இரையும். ஆழமான பள்ளம் உள்ள பழைய டிரம்மை "கெட்டுப்போச்சு"ன்னு சொல்றதுக்குப் பாதிக் காரணம் இதுதான். வெட்ட வேண்டாம். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற நாலு ராடை மட்டும் கால் சுத்து, கால் சுத்தா கூட முறுக்குங்க, சுருக்கம் மறையுற வரைக்கும்.

அடுத்து விளிம்பு. எங்க வீட்டு சமையல் மேடை கிரானைட், நல்ல சமதளம். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே டார்ச் வச்சேன். (மனைவி வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.) வெளிச்சம் கசியுற இடம்தான் விளிம்பு தாழ்ந்த இடம். ஒட்டின மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கீற்று. கீழ் ஓரத்தை இப்படிப் பார்க்கும்போது பள்ளம் ரெண்டிலும் வெளிச்சம் வரத்தான் செய்யும், அதைக் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க. வளையத்தையும் அதே மேடையில் வச்சுப் பாருங்க. பல நேரம் குத்தம் வளையத்து மேல இருக்கும், பழி ஷெல் மேல விழும்.

சின்ன விஷயம் ஒண்ணு. லக்குக்குள்ளே ஸ்பிரிங் இருந்தா அது ரீங்காரம் போடும், கொஞ்சம் பஞ்சு வச்சா நிக்கும்.

இன்னொண்ணு, ஹெட் ஷெல்லில் தானா தளர்வா விழணும். என்னோடது கோணின வட்டம், ஒரு பக்கம் இறுக்கிப் பிடிச்சது. பழைய ஷெல்லுக்காகவே கொஞ்சம் அகலமா செய்யுற ஹெட் கிடைக்குது, அதைப் போட்டேன். இறுக்கிப் பிடிக்கிற ஹெட்டை எப்படி டியூன் பண்ணினாலும் நிக்காது.

இவ்வளவுக்கும் அப்புறம் அந்த வெளிச்சக் கீற்று அப்படியேதான் இருக்கு. அந்த இடத்தில் தட்டினா சுருதி ஒரு மயிரிழை கீழே நிக்குது. அதைச் சரி பண்ண மொத்த விளிம்பையும் இறக்கணும். நான் பண்ணலை, பண்ணவும் மாட்டேன். ஷெல்லே பிளந்திருந்தா, விளிம்பு பெயர்ந்திருந்தா அது வேற கதை, அப்போ தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுக்கத்தான் வேணும். லுட்விக் அலுமினியம் ஸ்னேரில் குரோம் புள்ளி புள்ளியா அரிச்சிருக்கும், அதைச் சுரண்டிப் புது முலாம் பூசவும் நினைக்காதீங்க. அலுமினியத்தில் குரோம் சரியா பிடிக்காததால வர்றது அது. சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது.

ரெக்கார்டிங்கை அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். மெதுவான ஸ்விங், பிரஷ்ஷில் ரெண்டு நிமிஷம். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது: "அப்பா இதைவிட வேகமா வாசிப்பார்." சத்தத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அதை நல்ல மார்க்காவே எடுத்துக்கிட்டேன்.

அந்த ரெண்டு நிமிஷத்தை இப்போ போடுறேன், ஹெட்ஃபோன் இருந்தா மாட்டிக்கோங்க. அடுத்த எபிசோடில் பேஸ் டிரம்.