போகாத துறைமுகங்கள்



எனக்கு முன் இந்த நாற்காலியில் அமர்ந்தவர்களை நினைத்தால் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது. தலைமையுரை பருந்துப் பார்வையாக இருக்க வேண்டும் என்பார்கள். நானோ கோழி, ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டிருப்பவன். பொறுத்தருள வேண்டும்.

கருத்தரங்கின் பொருள், 2010க்குப் பிந்தைய பிரிட்டனில் அரசுச் சிக்கனமும் காவல் பணியும். அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்தவை. காவல்துறைக்கு மத்திய அரசு தரும் நிதியில் நான்காண்டுகளில் 20 விழுக்காட்டை வெட்டுவதென்று 2010 செலவினச் சீராய்வு முடிவு செய்தது. மானியத்தையே நம்பியிருந்த நார்தம்பிரியாவுக்கு அடி பலம்; உள்ளூர் வரி வருவாய் கொண்ட சர்ரே ஓரளவு தப்பியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2010 மார்ச்சில் 1,43,734 ஆக இருந்த காவலர் எண்ணிக்கை, 2018இல் ஏறக்குறைய 1,22,000. மறு ஆண்டே போரிஸ் ஜான்சன் 20,000 பேரை எடுப்பதாக அறிவித்தார். ஆட்கள் வந்தார்கள். போன அனுபவம் வந்ததா என்பது பிற்பகல் அமர்வின் சொத்து; அதில் நான் கைவைக்கவில்லை.

இந்த எண்ணிக்கையை வைத்து நம் துறையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஆள் குறைந்தது, 2014க்குப் பின் கத்திக்குத்து கூடியது, ஆகவே இதனால்தான் அது என்பது ஒரு கட்சி. வெட்டு விழுந்த முதல் ஆண்டுகளில் குற்றம் குறையத்தானே செய்தது என்பது மற்றது. 2015இல் காவலர் கூட்டமைப்பின் மாநாட்டுக்கே போய், 'புலி வருது' என்று கத்தியது போதும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் தெரசா மே பேசினார். முன்வரிசையில் இருக்கும் என் நண்பர் எனக்கு மறுப்பு எழுதியபோது இரண்டாம் கட்சியில்தான் நின்றார். நேர்த்தியான மறுப்பு. ஆனால் அதில் அவர் நம்பியிருந்த காவல்துறைக் குற்றப்பதிவுகளின் 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை, 2014 ஜனவரியிலேயே அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் நீக்கிவிட்டது. நண்பருக்கு நினைவூட்டுகிறேன், சண்டைக்கு வரவில்லை.

இரு கட்சியும் புரட்டாத ஓர் ஆவணம் இருக்கிறது. காவல்துறையைப் பற்றியதல்ல; ஆனால் ஆள் போதாதபோது கண்காணிப்புக்கு என்ன ஆகும் என்பதை அதில் பார்க்கலாம். எல்லை, குடிவரவுப் பணிகளின் தலைமை ஆய்வாளர் டேவிட் போல்ட் தந்து 2017 ஜூலையில் வெளியான, இங்கிலாந்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் பற்றிய அறிக்கை. 62 சிறு துறைமுகங்கள். 2015 ஏப்ரல் முதல் 2016 ஜூன் வரை, அவற்றுள் 27இல் நாட்டுக்குள் வருவோரையும் சரக்கையும் சோதிக்கும் எல்லைப் படையினர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன்? என் வாதம் இது. விமான நிலையத்தில் ஐரோப்பியப் பயணி 25 நிமிடத்திலும் மற்றவர் 45 நிமிடத்திலும் சோதனை முடிந்து வெளியேற வேண்டும் என்று இலக்கு இருந்தது. 2012இல் ஹீத்ரோவில் வரிசை நீண்டபோது நாடாளுமன்றமே அதிர்ந்தது. மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் வந்து போகும் சிறு துறையில் வரிசை ஏது? கேள்வி கேட்க ஆள் ஏது? ஆள் பற்றாக்குறை வந்தால் எந்த இடம் சத்தம் போடாதோ அங்கேதான் கத்தரி விழும்.

உளவுத் தகவல் வந்தால் போனால் போதாதா என்று சென்ற மாநாட்டில் ஒருவர் என்னை மடக்கினார். அன்று வாயடைத்துப் போனேன், இன்று சொல்கிறேன். போனால்தானே ஐயா தகவல் வரும்? துறைமுகப் பொறுப்பாளர், வலை உலர்த்துகிறவர், படகு பழுதுபார்க்கிறவர் இவர்களெல்லாம் முகம் தெரிந்த அதிகாரியிடம்தான் நேற்றிரவு வந்த புதுப் படகைப் பற்றிப் பேசுவார்கள். அதிகாரி பதினைந்து மாதம் வராவிட்டால் அந்தப் பேச்சும் நின்றுபோகும். பிறகு தகவலே இல்லை என்பதைக் காட்டி, அங்கே ஆபத்தே இல்லை என்று கோப்பை மூடிவிடலாம். குற்றம் குறைந்தது என்ற வாதத்தின் முதுகெலும்பும் இதேதான்: பதிவாகாததை நடக்காதது என்று கொள்வது.

மணி அடித்துவிட்டார்கள். கட்டுரை படிக்கப் போகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அட்டவணையில் ஆள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அந்த ஆட்கள் போகாமல் விட்ட இடங்களுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். நண்பரின் கட்டுரையிலிருந்தே தொடங்கினால் மகிழ்வேன். முதல் அமர்வே அவருடையதுதான்.