உதவித்தொகை பிச்சையில்லை

(தளவானூரில் மாணவர்களிடம் பேசியது)



"அரசியல் அறிவியல் படிச்சி என்னா பண்ணப் போற?" என்று ஊர்த்தெருவிலும் கேட்கிறார்கள், நம்ம சேரியிலும் கேட்கிறார்கள். உழவூர் கே.ஆர். நாராயணன் படித்தது அதுதான். பீஸ் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பையன், டாடா உதவித்தொகையில் லண்டன் போய் லாஸ்கியிடம் படித்தார். 1949இல் வெளியுறவுப் பணி, 1997இல் குடியரசுத் தலைவர்.

அவருக்கும் முன்னால அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுன். படித்து முடித்ததும் பரோடாவில் பத்து வருஷம் வேலை செய்யணும்னு ஒப்பந்தம். 1917இல் வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கல. பார்சி விடுதியில தங்கினவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியாவில் படித்தவர் என்பதெல்லாம் தடிக்குத் தெரியுமா?

கொலம்பியாவில் 1916இல் அவர் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகள் பற்றியது. இப்ப பாருங்க. 2022இல் ஒன்றிய அரசு, நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கத் தரும் உதவித்தொகையின் விதியை மாற்றியது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு என்றால் பணம் கிடையாது. அதை இங்கேயே படிச்சிக்கலாமாம். நம்ம கதையை நாம வெளியே போய் எழுதினா யாருக்கு உறுத்துது?

இந்த ஊர்க் குகையை மகேந்திரவர்மன் குடைவித்தான்னு கல்வெட்டு சொல்லுது. கல்லை உடைச்சவன் பேர் அதுல இல்ல.

மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944லிருந்து இருக்கு. வாங்கித் தந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாதவங்க கூட்டம் முடிஞ்சதும் இங்கயே இருங்க. உட்கார்ந்து மனு எழுதுவோம்.