ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்



"புது கார்பரேட்டர் மாட்டுனதிலிருந்து வண்டி நின்ன இடத்துலயே அலறுதுங்க. ஸ்பீடு ஸ்க்ரூவை முழுசா லூஸ் பண்ணியும் இறங்க மாட்டேங்குது." கோவைப் பட்டறைகளில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. 1996-இலேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதை இன்றும் பதமாக நிற்க வைக்கிறவரின் கைத்திறனை நான் கலையென்றே மதிக்கிறேன்.

தேர்ந்த மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்க்ரூ டிரைவரைத் தேட மாட்டார். என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புவார். திருப்பும்போது சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் தளர்வு விட்டால் போதும்.

அதிலும் அடங்காவிட்டால், "எங்கேயோ ஏர் வாங்குதுங்க" என்பார். பெரும்பாலும் அதுதான். கார்பரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர், சூட்டில் இறுகி, கண்ணுக்குத் தெரியாமல் வெடித்திருக்கும். பழைய கார்பரேட்டர் பல வருடம் அதோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிடுங்கிப் புதியதைச் செருகும்போது வெடிப்பு வாய் திறக்கிறது. அந்த வழியே கணக்கில்லாத காற்று நுழைய, பெட்ரோல் விகிதம் குறைந்து என்ஜின் பறக்கிறது. பழி மட்டும் புதுச் சாமான் மேல்! இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்துக் காதைக் கொடுப்பார். சத்தம் ஒரு கணம் தணிந்தால் ஓட்டை அங்கேதான். சிலர் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சூடான என்ஜின் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஸ்க்ரூவைத் திருகிச் சத்தத்தை மட்டும் அடக்கிக்கொண்டு போவதும் ஆபத்துதான். பெட்ரோல் குறைந்த கலவையில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய கோவை மண் இது. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனும் கோவைக்காரர்தான். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர். என்ஜின் பேச்சைக் காதால் படிக்கும் பழக்கம் இங்கே இப்படித்தான் ஊறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புது வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கள் ஸ்கேனரில் படிக்கிறார்கள்; அதுவும் தேவையே. ஆனால் ஓடுகிற பழைய வண்டிகள் ஓயும்வரை இந்தக் காதும் வேண்டும். ஐ.டி.ஐ.க்களில் இதற்கும் நேரம் ஒதுக்குவது நல்லது.

புது கார்பரேட்டர் மாட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அதன் மூடியை மாட்டியதும், ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு 'டக்'கென்று அடியில் விழ வேண்டும். விழவில்லையென்றால் ஸ்லைடு சரியாக உட்காரவில்லை. உதைத்ததுமே வண்டி உச்ச வேகத்தில் கத்தும்.

கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவின் முறை இவ்வளவுக்கும் பிறகுதான். மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, என்ஜின் நன்றாகச் சூடானபின் காதால் ஒத்துப் பார்க்க வேண்டும். அதுவும் வண்டி ஓடப்போகிற ஊரில். 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியின் மெல்லிய காற்றுக்குப் பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டி, மேட்டுப்பாளையம் இறங்கியதும் மறுபடி அலறத் தொடங்கலாம். அப்போது கார்பரேட்டரைக் கழற்ற வேண்டாம். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள்.