திருநாளும் இணையத்திரையும்

(பொங்கல் விழாக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொங்கல் மேடையில் திரைப்படப் பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பானை பொங்கி இறங்குமுன்னரே நம் பிள்ளைகளின் கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓ.டி.டி. எனப்படும் இணையத்திரை இன்று வீட்டு நடுக்கூடத்திற்கே வந்துவிட்டது. அதை நடத்தும் வாணிகர் விழாக்களை எங்ஙனம் நோக்குகின்றனர் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டாவா?

திரையரங்கு உரிமையாளர்க்கு விழா என்பது கூட்டம் சேரும் நாள். நுழைவுச்சீட்டு விற்றதும் அவர் வேலை முடிந்தது. இணையத்திரை வாணிகர்க்கோ திங்கள்தோறும் கட்டணம் வரவேண்டும். கட்டியவர் விலகாதிருக்கவும் வேண்டும். ஆகவே, ஆண்டுதோறும் தவறாது திரும்பிவரும் விழா அவர்க்கு வற்றாக் கறவை ஆகின்றது.

அமெரிக்க நிறுவனமாகிய நெட்பிளிக்சு, 2017-இல் 'எ கிறித்துமசு பிரின்சு' எனும் படத்தை வெளியிட்டது. பனி, அரண்மனை, காதல், அவ்வளவே கதை. ஆயினும் 2018-இலும் 2019-இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. முதற்படம் வந்த ஆண்டின் திசம்பரிலேயே, 53 பேர் 18 நாள்களாக அப்படத்தை நாள்தோறும் பார்த்துவருவதாக அந்நிறுவனமே பொதுவில் எழுதி, அவர்களை எள்ளி நகைத்தது. நகைப்பை விடுங்கள்; கணக்கைப் பாருங்கள்! திரையை நாம் பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். திரையும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதே நிறுவனம் 2019-இல் 'கிளவுசு' எனும் ஓவியப் படத்தையும் தந்தது. இசுபானிய நாட்டுச் செர்சியோ பாப்லோசு இயக்கிய அப்படம், கிறித்துமசுத் தாத்தாவின் கதையைப் புதிதாய்ச் சொல்வது. அதில் மார்கு எனும் சிறுமி வருகிறாள். ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி இனத்தவள். அவள் பேசுவது தன் தாய்மொழியே. கதைத்தலைவனாகிய அஞ்சற்காரனுக்கு அது விளங்கவில்லை. ஆசிரியையிடம் அழைத்துச் சென்றுதான் பொருள் அறிகிறான். மொழியை மாற்றிக்கொண்டவள் அவள் அல்லள்! சில பல்லாயிரவரே பேசும் ஒரு மொழி, உலகெங்கும் சென்ற விழாப்படத்தில் தலைநிமிர்ந்து ஒலித்தது.

நம் நிலை என்ன? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேருக்குத் தமிழ் தாய்மொழி. தொற்றுநோயால் திரையரங்குகள் முடங்கிய 2020-இல், 'சூரரைப் போற்று' அமேசானிலும், 'மூக்குத்தி அம்மன்' டிசுனி ஆட்சுடாரிலும் தீபாவளியை ஒட்டியே வந்தன. தமிழர்க்கு உரியதன்று என நாம் சொல்லிவரும் அந்நாளையே வாணிகர் முதலில் தெரிந்தெடுத்தனர். 2021 பொங்கலன்று 'பூமி' வந்தது, உழவைப் பேசிற்று, அந்த அளவில் மகிழ்வோம். 2023 பொங்கலின்போதோ, 'நெட்பிளிக்சு பண்டிகை' என்று பெயர்சூட்டி, அந்நிறுவனம் தான் உரிமை பெற்ற தமிழ்ப் படங்களின் பட்டியலை வெளியிட்டது. அவை திரையரங்குகளில் ஓடிய பின்னரே இணையத்திரைக்கு வரவேண்டியவை. பொங்கலுக்கு வந்தது பட்டியல், படம் அன்று! பானையைக் காட்டிப் பசியாற்றும் வேலையன்றோ இது?

குற்றம் வாணிகர்மேல் மட்டும் இல்லை. மேலைநாட்டார் தம் விழாவைக் கதையாக எழுதுகின்றனர், விரும்பிக் கேட்கின்றனர், ஆகவே வாணிகரும் எடுத்துத் தருகின்றனர். நம் படைப்பாளருள் பெரும்பாலோர்க்குப் பொங்கல் வெளியீட்டு நாள் மட்டுமே; கதைக்களம் அன்று. புதுநெல் அறுக்கும் கழனியிலும், ஏறு தழுவும் இளைஞன் நெஞ்சிலும், நகரத்தில் கூலிக்கு உழைப்பவன் ஊர்திரும்பும் இரவிலும் கதை இல்லையா? கடல்கடந்த மண்ணில் கதிரவனைக் காணாத குளிர்காலையில் அடுப்பேற்றிப் பொங்கலிடும் தமிழ்த்தாயிடம் கதை இல்லையா?

எழுதவல்ல இளைஞர்களே, நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்டுப் பார்க்கும்படியான பொங்கல் படம் ஒன்றை நல்ல தமிழில் எழுதுங்கள். கட்டணம் செலுத்தும் பெரியோர்களே, அத்தகைய படம் வேண்டுமெனத் தமிழிலேயே அந்நிறுவனங்களுக்கு எழுதிக் கேளுங்கள். 53 பேரை எண்ணத் தெரிந்தவர்க்கு, நம் ஆயிரவர் மடல்களையும் எண்ணத் தெரியும்.

அதுவரை, பானை பொங்கும் வேளையிலேனும் திரையை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அடுப்பருகே அழையுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!